மீந்த பிரெட்டும் அதன் இடைநிலையும்: பனவடலிசத்திரத்தை முன்வைத்து

சாண்ட்விச் இங்கிலாந்தில் தோன்றியது என்பர். நான்காம் சாண்ட்விச் பிரபு ஜான் மாண்டேகு (1718–1792) சீட்டாட்ட மேசையை விட்டு எழ மனமின்றி, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே இறைச்சியை வைத்துத் தரச் சொன்னார் என்பது கதை. எட்வர்ட் கிப்பனின் 1762ஆம் ஆண்டு நாட்குறிப்பில் இப்பண்டத்தின் பெயர் வருகிறது. திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவில் போகும் சாலையில், தேவர்குளம் தாண்டி வரும் பனவடலிசத்திரத்தைக் கிப்பன் குறிப்பிடவில்லை. குறிப்பிடாமை இருட்டடிப்பைக் காட்டுகிறது. இருட்டடிப்பு தொன்மையைக் காட்டுகிறது. தொன்மை நிறுவப்பட்டுவிட்டதால் சான்று தேவைப்படவில்லை. இம்முறையியல் என் கண்டுபிடிப்பன்று. பல கருத்தரங்குகளில், மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய அமர்வுகளில் கற்றது.

வரையறை. அமெரிக்காவில் வூஸ்டர் நகரிலுள்ள ஒரு நீதிமன்றம் 2006இல், பர்ரிட்டோ என்னும் சுருட்டிய பண்டம் சாண்ட்விச் ஆகாது என்று தீர்ப்பளித்தது. தன் வணிக வளாகத்துக்குள் இன்னொரு சாண்ட்விச் கடை வரக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டுவைத்திருந்த ஒரு கடையைச் சுற்றி எழுந்த வழக்கு. நீதிபதி அகராதியைப் புரட்டி, ரொட்டி இரண்டு துண்டு வேண்டும் என்றார். நன்னூலைப் புரட்டியிருந்தால் ஆறு உறுப்பு வேண்டும் என்றிருப்பார். கீழ்த்துண்டு பகுதி, மேல்துண்டு விகுதி, நடுவில் வைப்பது இடைநிலை, தடவுகிற சட்னி சாரியை, ஒட்டவைக்கிற நெய் சந்தி, கடித்தவுடன் நேர்வது விகாரம். இந்த இலக்கணப்படி சேலத்துத் தட்டுவடை செட், ரொட்டியே இல்லாதிருந்தும், முழுமையான பகுபதம். காரட், பீட்ரூட் துருவல் இடைநிலையாக நிற்கிறது, சட்னி சாரியை, விகாரம் சட்டையில் தெரியும். நன்னூல் செய்த பவணந்தியார் இதை ஏன் சூத்திரமாக்கவில்லை என்பது தனி ஆய்வுக்குரியது. (தனி ஆய்வுக்குரியது என்றால் எனக்குத் தெரியாது என்று பொருள். துறை சார்ந்தவர்கள் அறிவார்கள்.)

இனிக் களம். பனவடலிசத்திரத்தில் பிரெட் உணவன்று, மருந்து. காய்ச்சல் கண்டவருக்கு “பாலும் பிரெட்டும் குடுங்க” என்று டாக்டர் சொன்னால் ஒரு பாக்கெட் வீட்டுக்குள் வரும். பார்க்க வருகிறவர்கள் கையை வீசிக்கொண்டா வருவார்கள்? ஆளுக்கொரு பாக்கெட் வரும். காய்ச்சல் விட்டதும் நோயாளி முதலில் கேட்பது ரசஞ்சோறு. பிரெட் அலமாரியில் கிடக்கும். ஆங்கே தொடங்குகிறது இவ்வட்டாரத்தின் சாண்ட்விச் வரலாறு (பார்க்க: பலசரக்குக் கடைப் பற்று நோட்டு, முன்னட்டை).

இக்கருதுகோளுக்கு மேலை நாட்டிலும் அரண் உண்டு. இசபெல்லா பீட்டன் 1861இல் வெளியிட்ட இல்லறக் கையேட்டில், நோயாளிக்கான சமையல் என்னும் பகுதியில் டோஸ்ட் சாண்ட்விச் இடம்பெறுகிறது. அஃதாவது, இரண்டு ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வாட்டிய ரொட்டித் துண்டு. 2011இல் பிரிட்டனின் ராயல் சொசைட்டி ஆஃப் கெமிஸ்ட்ரி இதை 7.5 பென்ஸில் முடியும் மிக மலிவான மதிய உணவு என்று அறிவித்து, இதைவிட மலிவாகச் செய்து காட்டுவோர்க்கு 200 பவுண்டு பரிசும் வைத்தது. பகுதியையே இடைநிலையாகப் போடுவது, வீட்டில் வேறு ஒன்றுமில்லாதவர்கள் செய்வது. எங்கள் வீடுகளில் “ஒண்ணுமே இல்ல” என்று சொல்லும் அடுக்களையிலும் நான்கு டப்பா நிறைந்திருக்கும்.

அந்த டப்பாக்களின் வரிசையில் இடைநிலைகளை வகைப்படுத்துவோம். உடன்குடிக் கருப்பட்டி, வெண்ணெயோடு: நன்று. சாத்தூர்க் காராச்சேவு, தயிர் தடவி, நமநமவென்று இருக்கும்போதே: மிக நன்று. திருநெல்வேலி அல்வா: நெய் தானே இறங்கிச் சந்தியாகிவிடுவதால் ஆய்வாளருக்கு வேலையில்லை. புளியங்குடி எலுமிச்சை ஊறுகாய்: காய்ச்சல் வாய்க்கு மட்டும். சொதி: தேங்காய்ப்பாலுக்குள் பகுதியையும் விகுதியையும் தேட வேண்டியிருப்பதால் வரையறைக்கு வெளியே. கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. என் பல் பெறவில்லை. உப்புமா: இல்லை.

கால வகைப்பாடும் செய்தாக வேண்டும். தென்காசி மாவட்டம் 2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. ஆகவே அதற்கு முந்தைய சாண்ட்விச்சுகள் நெல்லை மரபு, பிந்தையவை தென்காசி மரபு. இரண்டுக்கும் வேறுபாடு எதுவுமில்லை. பிரிப்பதற்கு அது ஒரு தடையுமில்லை.

எஞ்சியது பனங்கிழங்கு. இவ்வியலுக்காகவே இக்கட்டுரை எழுதப்பட்டது.

ஆவணி, புரட்டாசியில் புதைத்த பனங்கொட்டை மார்கழி, தையில் கிழங்காகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பின் வரும் காய்ச்சல்களும் ஏறக்குறைய அப்போதுதான் ஓய்கின்றன. மீந்த பிரெட்டும் அவித்த கிழங்கும் ஒரே அடுக்களையில் சந்திப்பது தற்செயலன்று; பருவக்காற்றின் ஏற்பாடு (பார்க்க: மேற்படி நோட்டு, எண்ணெய்க் கறைக்கு மேல் மூன்றாம் வரி. கறையே மூலபாடம், வரி இடைச்செருகல் என்பாரும் உளர்).

சிக்கல் நார். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்த கிழங்கைத் தோலுரித்து, இரண்டாகப் பிளந்து, நடுக்குருத்தை எடுத்து, அப்படியே பிரெட்டுக்குள் வைப்பது முதற்பள்ளி. இவர்களைக் கிடத்துநர் என்க. கிடத்துநர் முதல் கடியிலேயே தோற்பர்: பல்லில் பட்ட நார் அறாது, இழுத்தால் கிழங்கு முழுவதும் வெளியே வரும், கையில் பகுதியும் விகுதியும் வெறுமனே நிற்கும். பச்சைமிளகாய், பூண்டு, தேங்காய்த்துருவல், உப்பு சேர்த்து உரலில் இடித்து வைப்பது இரண்டாம் பள்ளி. இடிப்போர் வெல்வர். ஆயினும் இடித்ததை எல்லாம் பிரெட் வருமுன்பே தின்றுவிடுவது இப்பள்ளியின் நீங்காக் குறை.

ஈண்டு இக்கட்டுரையாளரின் பங்களிப்பு. பாக்கெட்டில் கடைசிவரை கிடப்பவை இரண்டு ஓரத்துண்டுகள். அவற்றை நோயாளியும் தொடார், பார்க்க வந்தவரும் தொடார். மெத்தென்ற நடுத்துண்டு நார் இழுக்கும் இழுப்பில் கிழியும். ஒருபக்கம் முழுக்கப் பொருக்கோடிய ஓரத்துண்டு கிழியாது. பொருக்கை வெளிப்பக்கமாக வைத்து, நல்லெண்ணெய் தடவித் தோசைக்கல்லில் வாட்டினால் கிடத்துநர் கிழங்கையும் அது தாங்கும். ஓரத்துண்டு பனங்கிழங்கை எதிர்நோக்கியே இத்தனை காலம் தனித்திருந்தது என்பது என் துணிபு. “ஏல, சீக்குக்கு வாங்குன ரொட்டில கெழங்க வச்சித் திங்கான் பாரு” என்னும் எதிர்வாதமும் உண்டு (பார்க்க: ஆச்சி, வாய்மொழி, திண்ணைப் பதிப்பு, அதன் திருத்திய பதிப்பு, அடுக்களை, மருமகள் எதிரில், இரண்டும் முரணும் இடங்களுக்குப் பக்கத்து வீட்டு அத்தை, சுவருக்கு அப்பாலிருந்து, குரல் மட்டும், அதிலும் பிற்பகுதி மிக்ஸி சத்தத்தில் சிதைந்துள்ளது). அதே ஆச்சி, யாரும் பார்க்காதபோது, இன்னொன்று கேட்டதைப் பாடபேதமாகக் கொள்ளலாம்.

வாய்மொழித் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகச் சங்கரன்கோவிலிலிருந்து மச்சான் பஸ்ஸில் வந்தார். துறை வழக்கப்படி கையெழுத்தை முதலில் போட்டுவிட்டுச் சாப்பாட்டைப் பிறகு விசாரித்தார். மாதிரி அவர் முன் வைக்கப்பட்டது. நார் பல்லிடுக்கில் மாட்டிக்கொண்டதால் அவரால் கேள்வி எதுவும் கேட்க இயலவில்லை. ஆய்வேடு திருத்தமின்றி ஏற்கப்பட்டது.