இடுக்கி விழுந்தது பஞ்சாபில், வேலை போனது பம்பாயில்

ராயகிரியில் யார் காலிலாவது துருப்பிடித்த ஆணி ஏறட்டும், காயத்தைப் பார்ப்பதற்கு முன்பே தெரு கூடி, "டிடி போட்டாச்சாய்யா?" என்று கேட்டுவிடும். மண்ணில் இரண ஜன்னிக் கிருமி இருக்கிறது என்பது நம்மூர் ஆச்சிகள்வரை தெரிந்த சங்கதி. 1902-ல் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கும் தெரியும். ஆனால் விசாரணை என்று உட்கார்ந்ததும் மறந்துபோயிற்று. அதில் மாட்டிக்கொண்டவர் வால்டெமர் ஹாஃப்கின்.

1860-ல் ஒடெசாவில் பிறந்த யூதர். மதம் மாறினால் பதவி உண்டு என்றது ரஷ்யா, மனுஷன் மாறவில்லை. பாரிஸுக்குப் போய் பாஸ்டர் நிறுவனக் கதவைத் தட்டினார். அங்கே காலியாக இருந்தது நூலக உதவியாளர் வேலை. புத்தகம் அடுக்கியதுபோக மீந்த நேரத்தில் காலராக் கிருமியை ஒரு கினிப்பன்றியின் வயிற்றிலிருந்து இன்னொன்றின் வயிற்றுக்கு மாற்றி மாற்றி வளர்த்தார். தடுப்பூசி தயார். யாருக்குப் போடுவது? 1892 ஜூலை 18 அன்று தனக்கே போட்டுக்கொண்டார். காய்ச்சல் வந்தது, போயிற்று. பாரிஸ் பெரியவர்கள் பெரிதாக அசரவில்லை.

அங்கே தூதராக இருந்த டஃபரின் பிரபு, பழைய வைசிராய், காலராவைத் தேடுபவர் இந்தியாவுக்குப் போகலாமே என்றார். அந்தச் சரக்குக்கு இங்கே என்றுமே பஞ்சமில்லை. நம் பக்கம் வாந்திபேதி கண்டால் காளியம்மனுக்குக் கொடை நேர்ந்துகொண்டு ஊரைக் காலி செய்துகொண்டிருந்த காலம் அது. 1893-ல் ஹாஃப்கின் கல்கத்தா வந்து இறங்கினார். அடுத்த ஆண்டு காட்டால் பாகான் என்ற குடிசைப்பகுதியில் காலரா. அங்கிருந்த இருநூறு பேரில் 116 பேர் ஊசி போட்டுக்கொண்டார்கள். அதன்பின் நோய் கண்டது பத்துப் பேருக்கு. பத்துப் பேரும் ஊசி போடாதவர்கள்.

1896-ல் பம்பாயில் பிளேக். கூப்பிடு ஹாஃப்கினை! கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையையும் ஒரு தாழ்வாரத்தையும் ஒதுக்கிக் கொடுத்து, நாட்டைக் காப்பாற்றச் சொன்னார்கள். இங்கேதான் எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கிறது. கிருமி வளர்க்க ஐரோப்பாவில் மாட்டுக்கறிச் சாறு ஊற்றுவார்கள். அதை வைத்து ஊசி போட்டால் என்ன ஆகும் என்பதை 1857 கலகம் கண்ட துரைமாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஹாஃப்கின் ஆட்டுக்கறிச் சாறுக்கு மாறினார். மேலே நெய்யையும் மிதக்கவிட்டார். அந்த நெய்த் துளிகளிலிருந்து பிளேக் கிருமி விழுது விழுதாகத் தொங்கி வளர்ந்தது. அரிசி மட்டும் போட்டிருந்தால் பிரியாணி! கிருமியைச் சூடேற்றிக் கொன்று, 1897 ஜனவரி 10 அன்று முதல் ஊசியை வழக்கம்போலத் தனக்கே போட்டுக்கொண்டார். அடுத்தது பைகுல்லா சிறைக் கைதிகள். அதே ஆண்டு விக்டோரியா மகாராணியின் வைர விழாவை ஒட்டிப் பட்டமும் வந்தது.

பிறகுதான் முல்கோவால். பஞ்சாப் கிராமம். 1902 அக்டோபர் 30 அன்று 107 பேருக்கு ஹாஃப்கினின் பிளேக் ஊசியைப் போட்டார்கள். அதில் 53என் என்ற ஒரே புட்டியிலிருந்து போட்டுக்கொண்ட 19 பேரும் இரண ஜன்னியில் செத்துப்போனார்கள். மற்ற புட்டிகளால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒரே ஒரு புட்டி என்றால் அந்தப் புட்டியை யார், எப்படித் திறந்தார்கள் என்று கேட்கத் தோன்றும். விசாரணைக் குழுவுக்கு வேறு தோன்றியது. கிருமிநாசினியாகக் கார்பாலிக் அமிலம் கலப்பதை விட்டுவிட்டுச் சூட்டை மட்டும் நம்பினாராமே, அதுதான் குற்றம்! சம்பளமில்லாத விடுப்பில் அனுப்பிவிட்டார்கள். உதவியாளர் ஒருவர் இடுக்கியை மண்ணில் தவறவிட்டு, சரியாகச் சுத்தம் செய்யாமல் அதனாலேயே புட்டியைத் திறந்தது அவர்கள் கையிலிருந்த சாட்சியத்திலேயே கிடந்தது. படித்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

படித்தவர், கொசுவை வைத்து மலேரியாவின் குட்டை உடைத்த ரொனால்டு ராஸ். அவரும் இன்னும் பல நுண்ணுயிரியலாளர்களும் 1907-ல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்குக் கடிதம் எழுதி மானத்தை வாங்கிய பிறகு அரசாங்கம் இறங்கிவந்தது. குற்றமில்லை, வந்து வேலையில் சேரலாம். பம்பாய் ஆய்வுக்கூடத்தில் இருந்த பழைய நாற்காலி? அதில் பானர்மேன் துரை உட்கார்ந்தாயிற்றே! கல்கத்தாவுக்குப் போங்கள் என்றார்கள். போனார். அங்கே தடுப்பூசி தயாரிக்க வசதி இல்லை. ஓய்வு பெற்று ஐரோப்பா போய்ச் சேர்ந்து சுமார் பத்து வருஷம் கழித்து, 1925-ல், பம்பாய் ஆய்வுக்கூடத்துக்கு ஹாஃப்கின் நிறுவனம் என்று பெயர் வைத்தார்கள். நல்லவேளை, 1930 வரை அவர் உயிரோடிருந்ததால் சேதி காதில் விழுந்தது.