பாத்து ஏறுப்பா

எழுபதுகளின் மயிலாப்பூரில் பாதுகாப்புப் பயிற்சி இரண்டே சொற்களில் முடிந்துவிடும்: "பாத்து ஏறுப்பா." பயிற்றுநர் மேஸ்திரி. வகுப்பறை, சவுக்குக் கழிகளைக் கயிற்றால் வரிந்து கட்டிய சாரத்தின் அடி. கொத்தனார் வெறுங்காலோடு ஏறுவார். சித்தாள் சும்மாட்டின்மேல் கலவைச் சட்டியோடு ஏறுவாள். சும்மாடுதான் அன்றைய ஹெல்மெட். விபத்துத் தடுப்புக்கென்று தனி அதிகாரியும் இருந்தார்: நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கும் திருஷ்டி பொம்மை. அவருக்குக் கட்டடத்தைப் பற்றி மட்டும்தான் கவலை.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் சாரத்திலிருந்து விழுந்தார். கீழே மணல் குவித்திருந்ததால் பிழைத்தார். ஒரு சோடா, புத்தூர் கட்டு, ஒரு வாரக் கூலி. விசாரணைக் கமிஷன் திண்ணையிலேயே கூடி, "அவனுக்கு நேரம் சரியில்லை" என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சாரக் கயிறு எத்தனை பழசு என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது லஸ் பக்கம் மெட்ரோ வேலை. ஷிப்ட் தொடங்குமுன் ஹெல்மெட்டும் மின்னும் சட்டையுமாகத் தொழிலாளர்கள் வரிசையில் நிற்க, பாதுகாப்பு அதிகாரி இந்தியில் பாடம் எடுக்கிறார். வேலிக்கு இந்தப் பக்கம், ஹெல்மெட்டை வண்டியில் மாட்டிக்கொண்டு நாங்கள் வேடிக்கை பார்க்கிறோம். அடையாறு சர்தார் படேல் சாலையில் மத்திய அரசின் மண்டலத் தொழிலாளர் நிறுவனம் இந்த வித்தைக்கு டிப்ளமோவே தருகிறது. மார்ச் 4 தேசியப் பாதுகாப்பு தினம். உறுதிமொழி, பேட்ஜ், போட்டோ எல்லாம் உண்டு.

நாலு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டை ஃப்ளாட்டுக்காக இடிக்கிறார்கள். லுங்கியும் ரப்பர் செருப்புமாக ஒருவர், தான் நிற்கும் சுவரையே சம்மட்டியால் அடித்துக்கொண்டிருக்கிறார். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1996ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேராவது வேலை செய்யும் இடத்துக்குத்தான் என்று எழுதப்பட்டது. "எட்டுப் பேர்தான் சார்" என்கிறார் கான்ட்ராக்டர், நிம்மதியாக. புவியீர்ப்பு விசைக்குத் தலை எண்ணும் வழக்கமில்லை.

சட்டம் எட்டிய இடம் மட்டும் என்ன? 2014 ஜூன் 28 அன்று மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பதினோரு மாடியைத் தாங்கும் ஹெல்மெட் எந்தக் கடையிலும் இல்லை. எவ்வளவு பார்த்து ஏறியிருந்தாலும் என்ன பயன்? தூணின் கணக்கைச் சித்தாளா போட்டாள்?

"தை பிறந்ததும் கிரகப்பிரவேசம், எப்படியாவது முடிச்சுடுங்க" என்று அன்று திண்ணையிலிருந்து மேஸ்திரியை விரட்டினார்கள். இன்று அதையே ஃப்ளாட் வாங்கியவர்கள் வாட்ஸ்அப்பில் செய்கிறோம். சாரம் இரும்பாகிவிட்டது, பாடம் இந்திக்கு மாறிவிட்டது. பயிற்சி மட்டும் இன்னும் ஏறுகிறவருக்குத்தான். முகூர்த்தம் குறித்துவிட்டு அவசரப்படுத்துகிறவருக்கு வகுப்பும் இல்லை, வருகைப் பதிவேடும் இல்லை.