நூறு டாலர் புரட்சி

பெண்களின் தொழில்முறை டென்னிஸுக்கு யாராவது கோயில் கட்டினால், மூலவராக ஜாக் க்ரேமரைத்தான் உட்கார வைக்க வேண்டும். 1970இல் அவர் மட்டும் கொஞ்சம் கையைத் தாராளமாக நீட்டியிருந்தால், பெண்களுக்கென்று தனிச் சுற்று வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ!

அந்த ஆண்டு செப்டம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் நடந்த பசிபிக் சவுத்வெஸ்ட் போட்டிக்கு அவர்தான் பொறுப்பு. ஆண்களில் ஜெயித்தவருக்கு 12,500 டாலர். பெண்களில் ஜெயித்தவருக்கு 1,500. காலிறுதிக்கு முன்பே தோற்றுப்போகிற பெண்ணுக்கு வெறும் வியர்வைதான் மிச்சம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவர் என்று க்ரேமரை யாரும் திட்ட முடியாது. ஆண் காக்கைகளுக்கு அந்தக் கையிலிருந்து சோறு நன்றாகவே விழுந்தது.

இத்தனைக்கும் அவரே ஒரு பழைய கலகக்காரர். 1947இல் விம்பிள்டனை வென்றவர். ‘அமெச்சூர்’ என்று பூணூல் போட்டுக்கொண்டு மேசைக்கு அடியில் எல்லோரும் காசு வாங்கிய காலத்தில், நான் மேலேயே வாங்கிக்கொள்கிறேன் என்று தொழில்முறைக்குப் போய், சங்கங்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். மருமகளாக இருந்தபோது பட்ட பாடெல்லாம் மாமியார் ஆனதும் மறந்துபோவது டென்னிஸிலும் உண்டு.

அமெரிக்க ஓபன் நடந்துகொண்டிருந்த ஃபாரஸ்ட் ஹில்ஸில் பில்லி ஜீன் கிங், ரோஸி கசால்ஸ், நான்சி ரிச்சி மூவரும் கிளாடிஸ் ஹெல்ட்மனிடம் போய்ப் புலம்பினார்கள். ‘வேர்ல்ட் டென்னிஸ்’ பத்திரிகையை நடத்தியவர் கிளாடிஸ். பிள்ளை பெற்ற பிறகுதான் ராக்கெட்டையே கையில் எடுத்தார்; 1954இல் விம்பிள்டன் வரைக்கும் போய் முதல் சுற்றில் தோற்றுத் திரும்பினார். ஆட்டக்காரியாகப் பெரிய ஆளில்லை. ஆனால் பேரம் பேச உட்கார்ந்தால் எதிராளி எழுந்திருக்க முடியாது. க்ரேமரிடம் பேசிப் பார்த்தார், மசியவில்லை. சரி, அதே வாரத்தில் ஹூஸ்டனில் நாமே ஒரு போட்டி வைப்போம் என்றார்.

போட்டி என்றால் பணம் வேண்டும். இந்த இடத்தில்தான் கதைக்குள் சிகரெட் வருகிறது.

வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சிகரெட் விளம்பரம் கூடாது என்ற சட்டத்தில் அந்த ஏப்ரலில்தான் அதிபர் நிக்சன் கையெழுத்துப் போட்டிருந்தார். 1971 ஜனவரி 2 முதல் திரை இருண்டுவிடும். விளம்பரத்துக்கென்று மூட்டை கட்டி வைத்திருந்த பணத்தை எங்கே கொட்டுவது என்று சிகரெட் கம்பெனிகள் தலையைச் சொறிந்துகொண்டிருந்தன. ஃபிலிப் மோரிஸ் நிறுவனத்தின் தலைவர் ஜோ கல்மனோ டென்னிஸ் பைத்தியம். போதாததற்கு கிளாடிஸின் நண்பர். அவர் கையில் ‘வர்ஜீனியா ஸ்லிம்ஸ்’ இருந்தது. பெண்கள் பிடிப்பதற்கென்றே 1968இல் இறக்கிய ஒல்லி சிகரெட். பெண் விடுதலைக்கும் நுரையீரலுக்கும் ஒரே நேரத்தில் குறி வைத்த சரக்கு. ஏற்கெனவே பேசியிருந்த 5,000 டாலரோடு கம்பெனி 2,500 சேர்த்தது. ஆக மொத்தப் பரிசு 7,500. மூச்சு வாங்க ஓடுவதையே தொழிலாகக் கொண்டவர்களுக்குப் புகையிலைக்காரர் படியளந்தார். இதை நான் எழுதினால் நையாண்டி என்பார்கள். வரலாறு தானாகவே எழுதிக்கொண்டது.

அமெரிக்க டென்னிஸ் சங்கம் அனுமதி தரவில்லை. போட்டிக்கு இடம் கொடுத்த ஹூஸ்டன் ராக்கெட் கிளப்பையும் மிரட்டியது. கிளாடிஸ் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார். ஒவ்வொரு ஆட்டக்காரியும் தம் பத்திரிகையோடு ஒரு டாலருக்கு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் அவர்கள் ஒப்பந்தத் தொழில்முறையாளர்கள் ஆகிவிடுவார்கள். சங்கத்துக்கு இவர்கள் யாரோ, கிளப்புக்கும் வம்பில்லை. செப்டம்பர் 23 அன்று ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டார்கள். கிங், கசால்ஸ், ரிச்சி, பீச்சஸ் பார்ட்கோவிச், கிறிஸ்டி பிஜன், வேலரி சீகன்ஃபுஸ், கிளாடிஸின் மகள் ஜூலி, ஆஸ்திரேலியாவிலிருந்து ஜூடி டால்டன், கெரி மெல்வில். டாலர் நோட்டை உயர்த்திப் பிடித்துப் படமும் எடுத்துக்கொண்டார்கள். சம்பள உயர்வு கேட்டுப் போனவர்கள் ஒற்றை டாலரோடு சிரிக்கும் அந்தப் படம்தான் இன்றைக்கு டென்னிஸ் வரலாற்றின் சுவரில் தொங்குகிறது.

புரட்சி என்றால் தலைவி வாகை சூட வேண்டும் அல்லவா? கிங் முதல் சுற்றிலேயே டால்டனிடம் தோற்றார். முழங்கையில் காயம் பட்டிருந்த ஜூலி, தோழமைக்காக ஒரே ஒரு புள்ளி ஆடிவிட்டுப் போனார். இறுதியாட்டத்தில் டால்டனை 5-7, 6-1, 7-5 என்று சாய்த்தார் கசால்ஸ். ஐந்தடி இரண்டு அங்குல உயரம், அதைவிட நாலு மடங்கு வாய். பரிசு 1,600 டாலர்.

கணக்கைப் பாருங்கள். க்ரேமரிடம் ஜெயித்திருந்தால் 1,500. சங்கத்தை எதிர்த்து, பெயர் கெட்டு, எதிர்காலத்தைப் பணயம் வைத்து ஜெயித்ததில் லாபம் நூறு டாலர். அதையும் நிம்மதியாகச் செலவழிக்க விடாமல் சங்கம் அவர்களைத் தள்ளிவைத்தது. நாட்டாமை தீர்ப்பு என்றால் தீர்ப்புதான். ஆனால் தள்ளிவைக்கப்பட்டவர்கள் பக்கம்தான் பணம் இருந்தது என்பதால், ஊர்தான் தனியாகிப்போனது. 1971இல் வர்ஜீனியா ஸ்லிம்ஸ் பெயரில் ஊர் ஊராக முழுச் சுற்றே கிளம்பிவிட்டது. 1973இல் லண்டன் ஓட்டல் ஒன்றில் பெண்கள் தங்களுக்கென்று சங்கம் தொடங்கினார்கள். அதே ஆண்டு அமெரிக்க ஓபன் இரு பாலாருக்கும் ஒரே பரிசு என்று இறங்கி வந்தது. விம்பிள்டனோ 2007 வரைக்கும் யோசித்தது. ஸ்ட்ராபெர்ரிக்கு க்ரீம் ஊற்றுகிற ஊரில் எதையும் அவசரப்பட்டுச் செய்ய மாட்டார்கள்.

1971இலேயே கிங்கின் ஆண்டுப் பரிசுப் பணம் ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. எந்த விளையாட்டிலும் எந்தப் பெண்ணும் அதுவரை தொடாத தொகை. சிகரெட்டின் பெயர் தாங்கிய சுற்றில் ஆடித்தான் அதில் பெரும்பகுதியைச் சேர்த்தார். உடனே வெள்ளை மாளிகையிலிருந்து வாழ்த்துச் சொல்ல ஒரு தொலைபேசி வந்தது. பேசியவர், சிகரெட்டைத் தொலைக்காட்சியிலிருந்து விரட்டக் கையெழுத்துப் போட்ட அதே நிக்சன்.