டோலக்பூரார்

‘விஜயா, அஜித்தா?’ என்று கேட்டால் டோலக்பூரார் ‘ராஜீவ் சிலகா’ என்பார். அது எந்த ஊர் நடிகர் என்று கேட்டவர் விழிப்பதற்குள் ஜாதகமே வந்துவிடும்: 2001இல் ஹைதராபாத்தில் கிரீன் கோல்ட் அனிமேஷன் கம்பெனியைத் தொடங்கியவர், 2008இல் போகோ சேனலில் சோட்டா பீமை இறக்கிவிட்டவர்.

வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கத்து டீக்கடைகளில் காலை பத்து மணிக்குமேல் இவரைப் பார்க்கலாம். நெற்றியில் விபூதி, கக்கத்தில் குரூப் 4 கைடு. பீம் முதன்முதலாக லட்டு தின்றபோது இவர் ஒன்றாம் வகுப்பு. பீமுக்கு அன்றும் ஒன்பது வயது, இன்றும் ஒன்பது வயது. “அவனுக்கு வயசு ஏறாதுடா, உனக்கு ஏறிக்கினே போவுதே!” என்பது இவர் அம்மாவின் புலம்பல். டோலக்பூரார் என்பது டீக்கடைக்காரர் இட்ட பெயர். பீமின் ஊர் டோலக்பூர். கிண்டலாகத்தான் வைத்தார், இவர் பட்டமாக எடுத்துக்கொண்டார்.

பௌர்ணமியன்று இவரோடு கிரிவலம் கிளம்பினால் பதினான்கு கிலோமீட்டருக்கும் கம்பெனி வரலாறுதான். இந்திர லிங்கத்தில் பொற்காலம் தொடங்கும். காலியா சவடால் விடுவான், ஊருக்கு ஆபத்து வரும், சுட்கி லட்டை வீசுவாள், பீம் வாயில் கவ்வுவான், எதிரி பறப்பான். “ஒரே கதைதான்ணா. ஆனா அதுல ஒரு நேர்மை இருந்துச்சு.” யம லிங்கம் தாண்டும்போது 2012, பீம் தம்யானோடு மோதி தியேட்டருக்கே வந்துவிட்டான். அதுவரை குரலில் பெருமிதம்.

அடிஅண்ணாமலை வந்ததும் முகம் மாறும். பீம் குங்ஃபூ போட்ட 2019 படம் அங்கேதான் வரும். “டோலக்பூர்ல இல்லாத சண்டையா? சீனாவுக்கு எதுக்குணா போவணும்?” என்று கேட்டு, பதிலுக்காக என்னையே பார்ப்பார். நானா அனுப்பினேன்? அப்புறம் ஓவியக் குற்றங்கள். பீம் ஓடும்போது பின்னால் போகும் மரத்தில் ஒரு கிளை ஒடிந்திருக்குமாம். அதே ஒடிந்த கிளை மூன்றுமுறை வருமாம். ஒரே பின்னணியைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுச் செலவை மிச்சம்பிடிப்பது டிவி கார்ட்டூனில் உலக வழக்கம். அது இவருக்கும் தெரியும். “தெரியும்ணா. ஆனா கிளையையாவது ஒட்டியிருக்கலாம்ல!”

அதே 2019இல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த ‘மைட்டி லிட்டில் பீம்’ ஒன்றைத்தான் திட்டமாட்டார். தவழும் பீம், வசனம் கிடையாது. வசனமில்லாததால் எந்த நாட்டுக் குழந்தைக்கும் புரிந்தது. வசனமில்லாததால் இவருக்கும் திட்ட வழியில்லாமல் போயிற்று.

2020தான் இவர் வாழ்க்கையின் கருப்பு வருடம். பீம், சுட்கியை விட்டுவிட்டு இளவரசி இந்துமதியைக் கட்டிக்கொண்டான் என்று சமூக வலைத்தளமே கொதித்தது. டோலக்பூரார் திண்ணையில் உட்கார்ந்து பஞ்சாயத்து வைத்தார். “பன்னெண்டு வருஷமா லட்டு குடுத்தவ யாரு? டுன்டுன் மௌசி கடை லட்டை யாருக்கும் தெரியாம எடுத்தாந்து குடுத்தவ யாரு?” கடைசியில் கம்பெனியே அறிக்கை விட வேண்டியதாயிற்று: அவர்கள் எல்லாரும் குழந்தைகள், யாருக்கும் கல்யாணம் ஆகவில்லை. படித்துவிட்டு இவர் ஆறுதலடைந்தார் என்றா நினைக்கிறீர்கள்? “அறிக்கையில சுட்கிக்கு ஒரு வார்த்தை ஆறுதல் இல்ல பாத்தியாணா.”

இத்தனை வசவும் இவர் வாய்க்கு மட்டுமே உரிமைப்பட்டது. ஜப்பான் கார்ட்டூன் படம் போட்ட டிஷர்ட் அணிந்த ஒரு கல்லூரிப் பையன், “பீமெல்லாம் ஒரு அனிமேஷனாணா?” என்று கேட்டுவிட்டான். தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடுமே. “பிக்ஸார் என்னா பண்ணான்? 2010ல டாய் ஸ்டோரி 3 எடுத்து ஊரையே அழவெச்சவன், மறுவருசமே கார்ஸ் 2 எடுத்தான். அவன யாராச்சும் கேட்டீங்களா? நம்ம சென்னையில பென்டாமீடியா 2000லயே ‘பாண்டவாஸ்’னு முழுநீளக் கம்ப்யூட்டர் படம் எடுத்துச்சு. ஒனக்குப் பேராச்சும் தெரியுமா? 2014ல கோச்சடையான்ல தலைவரையே பொம்மையாக்கி நடக்கவிட்டாங்க. நடையில அந்த வேகம் வந்துச்சா? தலைவருக்கே வரல, தம்பி! இவன் 2008லருந்து வேட்டி அவுராம ஓடிக்கினு இருக்கான்.” பையன் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனான். காசு கொடுத்தவர் டோலக்பூரார்.

குபேர லிங்கத்தில் எல்லாரும் தங்களுக்குப் பணம் கேட்பார்கள். இவர் ஹைதராபாத்துக்குக் கேட்பார். 2024இல் நிஜப் பையனை வைத்து, அனுபம் கேரையும் போட்டுப் பீமைப் படமாக எடுத்தார்களே, அந்தச் செலவை நினைத்து. மறுவருடம் யாரோ எடுத்த ‘மகாவதார் நரசிம்மா’ தியேட்டரை நிரப்பியபோது, பங்காளி வீட்டில் மாடி எழும்பியதைப் பார்த்தவர் மாதிரி இரண்டு நாள் டீக்கடைப் பக்கமே வரவில்லை.

இவர் தேடும் அந்தப் பழைய பீம் எங்கேயும் போய்விடவில்லை. ஒன்றாம் வகுப்புதான் போய்விட்டது என்று எனக்குத் தோன்றும். சொன்னால் டீ கிடைக்காது. இவர் அக்கா மகனுக்கு நாலு வயது. புது எபிசோடு ஓடும்போது இவரும் பக்கத்தில் உட்கார்ந்து, “இந்த மரத்தப் பாரு, இது முன்னாடியே வந்துச்சு. வில்லனுக்கு நிழலே போடல பாரு” என்று ஆரம்பித்தார்.

“மாமா, கம்முனு கெட. லட்டு வரப்போவுது” என்றான் பொடியன்.

மாமா கம்மென்று கிடந்தது விளம்பரம் வரும்வரைதான்.