பெயிண்ட் நாளில் தொட்டிக்காரர்

வரவேற்பறையில் மூன்றடி நீளக் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பவர், வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கச் சம்மதித்த அன்று இரவே தூக்கத்தைத் தொலைத்துவிடுவார். கொச்சியின் மட்டாஞ்சேரியில் இந்த வகையினர் ஓணத்துக்கு முன்னால் மழை சற்று விடும் வாரங்களிலும், கிறிஸ்துமஸை ஒட்டியும் மிகுதியாகத் தென்படுவார்கள். யூதத் தெருவின் மசாலாக் கிடங்குகளைச் சுற்றியுள்ள சந்துகளில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை. ஜன்னல் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கடற்காற்றின் ஈரத்தில் பெயிண்ட் சாவகாசமாகக் காயும். அதன் வாடையும் அவ்வளவு சாவகாசமாகத்தான் வெளியேறும்.

தொட்டிக்காரருக்கு வேதியியல் அன்றுதான் சித்திக்கிறது. சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் தண்ணீரில் கரைப்பது, அவ்வளவு மோசமில்லை என்பார். கதவு ஜன்னலுக்கான எனாமலும், மச்சுப் பலகைக்கான வார்னிஷும்தான் அவருக்கு எமன்கள். அவற்றில் கலக்கும் டர்பன்டைனும் தின்னரும் ஆவியாகி அறையை நிரப்பும். அந்த ஆவி தொட்டிக்குள் தானாக இறங்குவது மெதுவாகத்தான். காற்று மோட்டாரோ அறைக் காற்றை உறிஞ்சி, குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் செலுத்தி, வேலையைச் சுளுவாக்கிவிடுகிறது. “மோட்டாரை நிறுத்தித் தொலையுங்களேன்” என்று வீட்டம்மா சொல்வது நியாயமாகத் தோன்றும். ஆனால் 30 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏழரை மில்லிகிராம் ஆக்ஸிஜனுக்கு மேல் தாங்காது. மோட்டார் நின்றால் மீனுக்கும் மூச்சுத் திணறும், கழிவைச் சிதைக்கும் வடிகட்டிப் பாக்டீரியாவுக்கும் திணறும்; அம்மோனியா ஏறும்.

ஆகவே மோட்டார் திண்ணைக்குப் போகிறது. நீண்ட ரப்பர் குழாய் ஜன்னல் வழியாக உள்ளே வருகிறது. மோட்டாரைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வைக்காவிட்டால், கரண்ட் போனதும் தண்ணீர் குழாய் வழியே திரும்பி அதற்குள் இறங்கும். அதனால் அது ஒரு ஸ்டூலின்மேல், குடையின்கீழ் எழுந்தருளுகிறது. வாத்துருத்தியிலிருந்து வரும் பெயிண்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பொறுமைசாலி.

“அண்ணாச்சி, இந்த ஜன்னலுக்குத்தான் இன்னிக்கு எனாமல்.”

“நாளைக்கு வச்சுக்கலாம்ப்பா.”

“நேத்தும் அதான் சொன்னீங்க.”

நடு அறையில் முந்தானையால் மூக்கைப் பொத்தியபடி உட்கார்ந்திருக்கும் பாட்டி கேட்பாள்: “எனக்கும் அந்த மாதிரி ஒரு குழாய் போட்டுவிடுடா.”

அடுத்தது மூடாக்கு. குச்சிகள் நட்டு, பாலிதீன் தாளைப் பந்தலாக விரித்து, நாலு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு மூலையில் மட்டும் விரலளவு இடைவெளி விடுவார். திண்ணைக் காற்று குமிழியாக மேலே வந்து பந்தலுக்குள் நிறைந்து, அந்த இடைவெளி வழியே வெளியேறும்; அறைக் காற்று எதிர்த்து நுழைவது கடினம். இது உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. கௌராமியும் ஃபைட்டரும் நீர்மட்டத்துக்கு வந்து காற்றையே விழுங்கிச் சுவாசிப்பவை என்பதால் மேலே தெளிந்த காற்று அவற்றுக்குக் கட்டாயம் வேண்டும். அவை எட்டிப் பார்க்கும்போதெல்லாம் “போச்சு, போச்சு” என்று பதறுவது மட்டும் அநாவசியம். அவை என்றைக்கும் அப்படித்தான். வெப்பம் ஏறாமலிருக்கத் தொட்டி விளக்கை அணைக்கிறார். தீனியையும் குறைக்கிறார். தாம் மட்டும் மதியம் கரிமீன் பொரித்ததை ஒரு பிடி பிடிக்கிறார். 2010 முதல் அது கேரளத்தின் மாநில மீன். தொட்டியில் நீந்தும் பள்ளத்தி அதற்கு உறவு முறை.

பழைய கதவைத் தேய்ப்பதில் அவர் பயப்படுவதற்கு ஆதாரம் இருக்கிறது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்குமென்று கதவைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகையால் உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கச் சொல்வார். மீனுக்காகத்தான் சொல்கிறார்; பேரப்பிள்ளைகளும் தப்பித்துக்கொள்கிறார்கள். மீன் வாளியில் பிரஷ் கழுவிய உதவியாளரிடம் அவர் பேசியது அச்சுக்கு உகந்ததல்ல.

வேலை முடிந்ததும் வடிகட்டியில் புதிய கரித்தூள் பை. ஆவிப் பொருள்களை அது பிடித்துக்கொள்ளும். நிரம்பிவிட்டால் பயனில்லை என்பதால் பழையது உதவாது. பிறகு கால்பங்குத் தண்ணீர் மாற்றம். மேற்குக் கொச்சிக் கிணறுகளில் உப்பு. குழாய்த் தண்ணீரில் குளோரின். ஒருநாள் முன்னதாகவே எல்லாப் பாத்திரத்திலும் பிடித்து ஆற வைக்கிறார். குளியல் அன்று மீன்களுக்கு மட்டும்.

தொட்டியில் ஏறக்குறைய 190 லிட்டர் கொள்ளும். நிறைந்த நிலையில் நகர்த்தினால் கண்ணாடியின் ஒட்டு விட்டுவிடும். எனவே அதன் பின்புறச் சுவருக்குப் பெயிண்ட் கிடையாது. அங்கே சென்ற தடவையின் பச்சை அப்படியே நிற்க, அதன்மேல் பவளப்பாறை படம் போட்ட தாளை ஒட்டிவிடுகிறார். கூலிக் கணக்கில் அந்த நாலரைச் சதுர அடியைக் கழிக்கச் சொல்கிறார். பெயிண்டர் மறுபேச்சின்றிக் கழித்துவிட்டு, மோட்டார் ஸ்டூலை வெயிலுக்கும் மழைக்கும் மாற்றி மாற்றி வைத்ததற்கு அரைநாள் கூலி சேர்க்கிறார்.