ஓர் ஏகாரமும் ஒரு பட்டுப்புடவையும்

கேள்வி: ஆங்கிலத்தில் 'ஷுட் ஹேவ்', 'குட் ஹேவ்' இரண்டும் குழப்புகின்றன. தமிழில் இந்தத் தொல்லை உண்டா? (வாசகி, காஞ்சிபுரம்)

பதில்: உண்டு. தமிழர்கள் அதை ஒரே எழுத்தில் முடித்துவிடுகிறார்கள்.

காந்தி ரோட்டில் 'பட்டு' என்று சொல்லி விற்ற புடவையோடு மருமகள் வீடு திரும்புகிறார். மாமியார் ஓரத்து நூல் ஒன்றை உருவித் தீக்குச்சியில் காட்டுகிறார். பட்டென்றால் முடி கருகும் வாடை வர வேண்டும். வந்ததோ பிளாஸ்டிக் வாடை.

"சில்க் மார்க் பார்த்து வாங்கியிருக்கலாமே!"

'வாங்கியிருக்கலாம்' என்று நிறுத்தினால் பெரும்பாலும் ஊகம்: வாங்கினாரோ, என்னவோ. கடைசியில் ஏகாரம் ஏறியதும் அது குற்றப்பத்திரிகை! ஆங்கிலத்திலோ ஊகத்துக்கு 'மே ஹேவ்', கைநழுவிய வாய்ப்புக்கு 'குட் ஹேவ்', இடித்துரைக்க 'ஷுட் ஹேவ்'. மூன்றுக்கும் பின்னால் வினையின் மூன்றாம் வடிவம் வர வேண்டும்: 'பை' அல்ல, 'பாட்'. வேகப் பேச்சில் 'ஹேவ்' தேய்ந்துபோவதால் ஆங்கிலேயர்களே 'ஷுட் ஆஃப்' என்று எழுதி ஆசிரியரிடம் திட்டு வாங்குகிறார்கள்.

அசல் பட்டுக்கான சான்று முத்திரையான சில்க் மார்க் 2004-லேயே வந்துவிட்டது. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. ஆகவே மாமியார் கட்சி பலம். மருமகளுக்கு மிஞ்சிய ஒரே வாதம்: "நீங்களும் கூட வந்திருக்கலாமே, அத்தை!"