திருகாணி மோகம்

கேள்வி: என் பழைய பிக்கப்பில் ஸ்டீயரிங்கை நான்கு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசைவதில்லை. வளைத்துவிட்டாலோ தானாக நேருக்குத் திரும்புவதில்லை. ஸ்டீயரிங் பாக்ஸ் திருகாணியை முடுக்கினால் போதுமா?

பதில்: முதல் நோய் குறையும், இரண்டாவது முற்றும்! பாக்ஸுக்குள் பற்கள் நேர்நிலையில் நெருங்கியும் ஓரங்களில் சற்றுத் தளர்ந்தும் பொருந்தும்படி செய்யப்பட்டவை. வண்டி பெரும்பாலும் நேராகவே ஓடுவதால் நடுப்பகுதிதான் தேயும். அதற்கேற்ப முடுக்கினால், தேயாத ஓரங்கள் திருப்பத்தில் இறுகிக்கொள்ளும். ‘முடுக்கியதும் ஆட்டம் குறைந்ததே’ என்பீர்கள். குறையும்தான்; ஆனால் டை ராட் முனையோ பால் ஜாயிண்டோ தேய்ந்திருந்தால் அங்குள்ள ஆட்டம் அப்படியே இருக்கும். ஒருவர் ஸ்டீயரிங்கை லேசாக இடவலமாக ஆட்ட, இன்னொருவர் கீழே பார்க்கட்டும். ஒதுக்கிய நிதி எந்த மேசையில் மாயமானது என்று தேடுவதுபோலத்தான்: அசைவு எந்த மூட்டுக்குள் போய் மறுபக்கம் வராமல் நிற்கிறதோ, அதுவே குற்றவாளி.

நேருக்குத் திரும்ப விடாத இறுக்கத்துக்கு வேறு சோதனை. முன்சக்கரங்களைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தித் திருப்புங்கள் (வெறும் ஜாக்கியை நம்பிக் கீழே படுக்க வேண்டாம்). அப்போதும் இறுக்கமென்றால் கிரீஸ் வற்றிய பால் ஜாயிண்ட், துருவேறிய ஸ்டீயரிங் தண்டு ஜாயிண்ட், இல்லையேல் ஏற்கெனவே யாரோ முடுக்கிவைத்த பாக்ஸ். இலகுவாகச் சுழன்றால் டயர் காற்றையும் காஸ்டர் கோணத்தையும் பாருங்கள். அலைன்மென்ட் மட்டும் செய்தால் என்ன? தேய்ந்த மூட்டுகளோடு செய்தால் அடுத்த பள்ளம் வரை தாங்கும். எல்லாம் சரியாக இருந்தும் ஆட்டம் பாக்ஸில்தான் என்றால் திருகாணியைத் தொடலாம்: துளித்துளியாக, ஒவ்வொரு முறையும் இரு கோடி வரை திருப்பிப் பார்த்து.